மலாக்கலில் இருக்கும் மகளுக்கு

கோட்டூர்புரம், சென்னை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ பேசிக்கொண்டிருக்கும்போதே இணைப்பு அறுந்துவிட்டது. அப்பா திரும்பத் திரும்ப அழைத்துப் பார்த்தார், கிடைக்கவில்லை. நீ கடைசியாகக் கேட்டது மட்டும் காதிலேயே நிற்கிறது: "நாங்கள் இங்கே செய்வது வைத்தியமா, விளம்பரமா அம்மா?" இதற்குத் தொலைபேசியில் பதில் சொல்ல எனக்கு வராது, அதனால் எழுதுகிறேன். இரவு டியூட்டி முடித்த கையோடு படிக்காதே. சாப்பிட்டுத் தூங்கி எழுந்து படி.

நீ ஐ.நா. அமைதிப் படையில் நம் ராணுவ டாக்டராகத் தென் சூடானின் மலாக்கலுக்குப் போனதிலிருந்து நான் வாரத்தில் பாதி நாள் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில்தான் இருக்கிறேன். வீட்டிலிருந்து நடக்கும் தூரம்தானே. ஓய்வு பெற்ற நர்ஸுக்கு இந்த வயதில் என்ன படிப்பு என்று அப்பா கேட்கிறார். நீ இருக்கும் ஊரைப் பற்றித் தெரியாமல் உன்னோடு என்ன பேசுவது?

முதலில் நீ சொன்ன அந்தத் தொண்டு நிறுவனப் பெண்ணைப் பற்றி. "துப்பாக்கி வைத்திருப்பவர்கள் மருந்து கொடுத்தால், நாளைக்கு மருந்து மட்டும் கொண்டுவருகிற எங்களையும் துப்பாக்கிக்காரர்களின் ஆள் என்றுதான் நினைப்பார்கள்" என்று அவள் சொன்னது உன்னைச் சுட்டுவிட்டது. அவள்மீது வருத்தம் வைக்காதே. அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. 2004-இல் தெற்கு ஆப்கானிஸ்தானில் வெளிநாட்டுப் படைகள் துண்டுப் பிரசுரம் போட்டன. உதவி தொடர்ந்து வர வேண்டுமென்றால் தாலிபான்களைப் பற்றித் தகவல் கொடுங்கள் என்று அதில் இருந்தது. 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்பு அதை வெளிப்படையாகக் கண்டித்தது. அந்த ஜூன் மாதமே அந்த அமைப்பின் ஊழியர்கள் ஐந்து பேரை அந்த நாட்டின் வடமேற்கில் சுட்டுக் கொன்றார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்த நாட்டில் வைத்தியம் பார்த்தவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு வெளியேறினார்கள். அவர்கள் போன பிறகு அந்த ஊர்க் குழந்தைகளுக்கு யார் பார்த்திருப்பார்கள் என்பதை நினைத்தால் எனக்கு அடிவயிறு கலங்குகிறது. பேரிடர் உதவியில் ராணுவத்தை எப்போது அழைக்கலாம் என்பதற்கு ஆஸ்லோ வழிகாட்டுதல்கள் என்று ஒன்று இருக்கிறது, 2007-இல் திருத்தி வெளியிட்டார்கள். வேறு வழியே இல்லாதபோதுதான் ராணுவம் என்கிறது அதுவும். அந்தப் பெண் அந்தப் பாடத்தை அனுபவித்துப் படித்தவளாக இருப்பாள்.

உங்கள் அமைதிப் படையின் நீலத் தொப்பியாலும் தீங்கு வந்திருக்கிறது. ஹைட்டியில் 2010-இல் அமைதிப் படையினர் தங்கியிருந்த முகாமின் கழிவு ஆற்றில் கலந்து காலரா பரவியது. பத்தாயிரம் பேர் அளவுக்கு இறந்தார்கள். ஐக்கிய நாடுகள் சபை மன்னிப்புக் கேட்க 2016 ஆயிற்று. உதவி செய்யப் போன இடம் என்பதால் நம்மிடம் தவறு நடக்காது என்று யாரும் இருந்துவிட முடியாது.

ஆனால் நீ சொன்ன அந்த இரவு அந்தப் பாட்டி உங்கள் வாசலுக்குத்தான் வந்தாள். மூன்று வயதுப் பேரனை, வலிப்பு நிற்காத பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். மலாக்கலில் அந்த நேரத்தில் விளக்கு எரிந்த இடம் அதுவாகத்தான் இருந்திருக்கும். உங்கள் மருத்துவமனை அமைதிப் படையினருக்காக வைத்தது, வெளியாட்களுக்கு இடமும் மருந்தும் இருந்தால்தான் என்பது விதி. உன் கமாண்டிங் ஆபீசர் யோசிக்காமல் உள்ளே விடச் சொன்னார் என்றாயே, அவருக்கு என் வணக்கத்தைச் சொல். அங்கே சட்டம் பேசிக்கொண்டிருந்தால் பிள்ளை போயிருக்கும்.

அவனுக்கு மலேரியா ஊசியான ஆர்டிசுனேட் போட்டதாக நீ சொன்னபோது எனக்கு நான் வேலை பார்த்த எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை ஞாபகம்தான் வந்தது. எங்கள் காலத்தில் மூளைக்கு ஏறிய மலேரியாவுக்குக் குயினைன்தான். சொட்டுச் சொட்டாக மணிக்கணக்கில் ஏற்ற வேண்டும். நடுவில் ரத்தச் சர்க்கரை சடாரென இறங்கும். கட்டிலை விட்டு நகர முடியாது. 2010-இல் ஆப்பிரிக்காவின் ஒன்பது நாடுகளில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் இரண்டு மருந்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். குயினைன் போட்டவர்களைவிட ஆர்டிசுனேட் போட்டவர்களில் சாவு 22.5 சதவீதம் குறைவு. அந்த ஊசியை ஒரு ராணுவப் பெட்டி சுமந்து வந்தது என்பதற்காக அது மருந்து இல்லை என்று ஆகிவிடாது, பாப்பா.

விழித்ததும் அந்தப் பிள்ளை காவலுக்கு நின்ற சிப்பாயைப் பார்த்துக் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டான் என்றாய். அதைச் சொல்லும்போதுதான் உன் குரல் உடைந்தது. அவனுக்கு நீ யார், உன் நாடு எது என்பதெல்லாம் தெரியாது. 2013 டிசம்பரில் அங்கே உள்நாட்டுப் போர் தொடங்கியதிலிருந்து மலாக்கல் எத்தனை முறை கைமாறியிருக்கிறது! அவன் அதற்கெல்லாம் பிறகு பிறந்தவன்தான், ஆனால் அவனைத் தூக்கி வளர்த்தவர்கள் அதையெல்லாம் பார்த்தவர்கள். 2023-இல் சூடானில் சண்டை மூண்ட பிறகு எல்லை ஊரான ரெங்க் வழியாகப் படகில் வந்து இறங்குகிறவர்களும் அதையேதான் பார்த்துவிட்டு வருகிறார்கள். பச்சைச் சட்டை, பூட்ஸ் சத்தம் என்றால் ஓடு என்றுதான் அந்த வீடுகளில் சொல்லி வளர்ப்பார்கள். அந்தப் பயம்தான் அவனை இவ்வளவு நாள் உயிரோடு வைத்திருக்கிறது. அதைத் திட்டிப் போக்க முடியாது, மிட்டாய் கொடுத்தும் போக்க முடியாது. வார்டுக்குள் துப்பாக்கி வராமல் பார்த்துக்கொள். பிள்ளைகளைப் பார்க்கும்போது மேலே ஒரு வெள்ளைக் கோட்டோ சாதாரணச் சட்டையோ போட்டுக்கொள்ள அனுமதி கேள். நின்றுகொண்டு பேசாதே, தரையில் உட்கார். காசிமேட்டிலிருந்தும் சூலூர்ப்பேட்டையிலிருந்தும் வரும் தாய்மார்கள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துதான் நான் பாதி வேலை செய்திருக்கிறேன். தெலுங்கு எனக்குச் சரியாக வராது, ஆனாலும் அவர்கள் என்னிடம்தான் உண்மையைச் சொல்வார்கள். பிள்ளைக்கு நாட்டு மருந்து கொடுத்ததை டாக்டரிடம் மறைத்துவிட்டு சிஸ்டரிடம்தான் சொல்வார்கள்.

இப்போது அந்தப் படம். உன் மடியில் அவன் படுத்திருப்பது போல எடுத்த படத்தை அடுத்த வீட்டு மாமி எனக்கு அனுப்பி, "உங்கள் பெண் தெய்வம்" என்று எழுதியிருந்தார். பெற்றவளுக்குப் பெருமை இல்லாமல் இருக்குமா? ஆனால் அவன் முகம் அதில் தெளிவாகத் தெரிகிறது. துருக்கியில் 2023 பிப்ரவரியில் நிலநடுக்கம் வந்தபோது நம் ராணுவம் இஸ்கெந்தெருனில் முப்பது படுக்கை மருத்துவமனை போட்டது. மேஜர் பீனா திவாரியை ஒரு பெண்மணி கட்டிக்கொண்டு முத்தமிட்ட படத்தை உலகமே பார்த்தது. அது வேறு. அங்கே பூமி ஆடியது, யாரும் யாரையும் சுடவில்லை. உன் ஊரில், சீருடைக்காரர் மடியில் படுத்திருந்த பிள்ளை எந்த வீட்டுப் பிள்ளை என்று தேடுகிறவர்கள் இருப்பார்கள். இனிமேல் முகம் தெரிய வேண்டாம் என்று உங்கள் படம் எடுப்பவரிடம் உறுதியாகச் சொல். வைத்தியமா விளம்பரமா என்று கேட்டாயே, படத்தை விலக்கிவிட்டால் பாதிச் சந்தேகம் தானாகப் போய்விடும்.

மீதிப் பாதிக்கு உனக்கு ரங்கராஜைக் காட்டுகிறேன். லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ் நம் ஆற்காட்டுக்காரர், நீ படித்த அதே மதராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்தவர். இந்தியாவில் முதன்முதலில் பாராசூட்டில் குதித்தவர்களில் ஒருவர். 1950 நவம்பரில் அவருடைய அறுபதாவது பாராசூட் கள மருத்துவப் பிரிவு கொரியாவில் போய் இறங்கியது. இஸ்கெந்தெருனுக்குப் போனதும் அதே பிரிவுதான். டிசம்பரில் பியோங்யாங்கிலிருந்து எல்லோரும் பின்வாங்கியபோது, கருவிகளை விட்டுவிட்டு வா என்றால் இவர்களுக்கு மனம் வரவில்லை. ஒரு பழைய நீராவி எஞ்சினையும் சில பெட்டிகளையும் தேடிப் பிடித்து, வாளி வாளியாகக் கைமாற்றித் தண்ணீர் நிரப்பி, சாமான்களோடு சியோலுக்கு ஓட்டி வந்தார்கள். இந்தக் கதையை நீ பயிற்சியில் கேட்டிருப்பாய். ரங்கராஜுக்கு வீரத்துக்கான மகாவீர் சக்கரம் கிடைத்ததையும் சொல்லியிருப்பார்கள்.

எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்த கதை. அவர்களில் ஒரு பகுதியினர் தேகு நகரில் தங்கினார்கள். அங்கே கொரிய ராணுவ மருத்துவமனைக்கு உதவினார்கள், ஊர் மக்களுக்கும் வைத்தியம் பார்த்தார்கள், கூடவே கொரிய டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். இவர்கள் கப்பலேறிய பிறகும் அந்த நர்ஸ்கள் தேகுவிலேயே இருந்திருப்பார்கள் அல்லவா? இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்சாலைக்கு வந்திருக்கும் கொரியக் குடும்பங்களைக் கடைகளில் பார்க்கும்போதெல்லாம், இவர்களில் யாருடைய பாட்டிக்கு அந்த நர்ஸ்களில் ஒருத்தி பிரசவம் பார்த்தாளோ என்று நினைத்துக்கொள்வேன். ரங்கராஜ் பிறகு சீருடையைக் கழற்றிவிட்டு, உலக சுகாதார நிறுவனத்துக்காகப் பெரியம்மையை ஒழிக்க ஆப்கானிஸ்தான் போனார். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் உன் கேள்விக்குப் பதில் அந்த மனிதர் வாழ்க்கையிலேயே இருப்பதாக எனக்குப் படுகிறது.

உன்னிடம் கேட்பது ஒன்றுதான்: உன் கையை விட்டு ஒரு பிள்ளை போகும்போது அது யார் கைக்குப் போகிறது என்று பார். ஆர்டிசுனேட் போட்ட பிள்ளைகளில் சிலருக்கு ஒன்றிரண்டு வாரம் கழித்து ரத்த அணுக்கள் உடைந்து சோகை வரும் என்பது உனக்குத் தெரியும். அந்தப் பாட்டிக்குத் தெரியுமா? ஊசிக்குப் பிறகு மூன்று நாள் மாத்திரையைக் காய்ச்சல் இல்லையென்று பாதியில் நிறுத்திவிட்டால்? உன் டியூட்டி முடிந்தால் நீ ஆவடியிலோ லடாக்கிலோ இருப்பாய். மலாக்கல் போதனா மருத்துவமனையின் நர்ஸ்கள் அங்கேயேதான் இருப்பார்கள். அவர்களிடம் போ. சீட்டில் மருந்தின் பெயர், அளவு, எப்போது திரும்ப ரத்தம் பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடு. அந்தத் தொண்டு நிறுவனப் பெண்ணிடமும் பேசு, அவர்களுக்கு, வீடிழந்தவர்கள் தங்கியிருக்கும் முகாமுக்குள் போய் வீடு தேடிப் பார்க்க முடியும். நீ போனால் பின்னால் வண்டியும் துப்பாக்கியும் வரும், அவர்கள் போனால் வராது. அவளுக்கு முடிவது உனக்கு முடியாது, நடு இரவில் உனக்கு முடிவது அவளுக்கு முடியாது. அவள் பெயரைக் கேட்டு எனக்குச் சொல், நான் அவளுக்கும் சேர்த்து வேண்டிக்கொள்கிறேன்.

சவலைப் பிள்ளைகள் வந்தால் மட்டும் உன் ஆட்களிடம் திரும்பத் திரும்பச் சொல். மேல்கையின் சுற்றளவை அளக்கும் நாடாவில் பதினொன்றரை சென்டிமீட்டருக்குக் கீழே சிவப்பு. அந்தப் பிள்ளைக்கு அவசரப்பட்டு ட்ரிப் ஓட்டிவிடாதீர்கள், இதயம் தாங்காது. பெரியவர்களையே பார்த்துப் பழகிய ராணுவக் கைகள் நல்லெண்ணத்தில் வேகமாக ஏற்றிவிடும். வாயால், கொஞ்சம் கொஞ்சமாக, இரவிலும் எழுப்பி எழுப்பி. உடம்பு சில்லிடாமல் தாயின் மார்போடு கட்டிவிடுங்கள். நீ டாக்டர், உனக்குத் தெரியாததில்லை. இருபது கட்டிலுக்கு ஒரே சிஸ்டராக நின்றவள் சொல்கிறேன், ராத்திரி மூன்று மணிக்கு இதெல்லாம் மறந்துபோகும். சுவரில் எழுதி ஒட்டு.

உங்கள் கால்நடை டாக்டர்களிடம் ஊர்க்காரர்கள் மாடுகளை ஓட்டிக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள் என்று சொன்னாயே, அதைக் கேட்டு அப்பா ரொம்ப மகிழ்ந்துபோனார். மாட்டை நம்பி வாழ்கிற ஜனங்கள். மாடு பிழைத்தால் பிள்ளைக்குப் பால். அவர்களும் குழந்தை வைத்தியர்கள்தான்.

2015 டிசம்பரில் நம் தெருவுக்குப் படகு வந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். அடையாறு மாடிப்படிவரை ஏறியிருந்தது. நம் கீழ்வீட்டுக் கைக்குழந்தையை வாங்கிக்கொண்ட சிப்பாய்க்கு ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. பிள்ளையைத் தன் மழைக்கோட்டுக்குள் வைத்துக்கொண்டு, தாய் இறங்கி வரும்வரை படகை எடுக்க விடவில்லை. அவர் யாரையும் எதுவும் கேட்கவில்லை, பெயர்கூடச் சொல்லாமல் போய்விட்டார். நீ ராணுவத்தில் சேர்கிறேன் என்று வந்து நின்றபோது நான் தடுக்காததற்கு அவர்தான் காரணம். இதை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை.

விடுப்பு முடிந்து திரும்பும் உன் நண்பர் ஆவடியிலிருந்து அடுத்த வாரம் வருவதாகச் சொன்னார். பருப்புப் பொடி, எலுமிச்சை ஊறுகாய், உன் கண்ணாடி எல்லாம் கட்டி வைத்திருக்கிறேன். கூடவே ஒரு பையில் பிறந்த குழந்தைகளுக்கான கம்பளித் தொப்பிகள் இருக்கின்றன. என்னோடு வேலை பார்த்த சிஸ்டர்கள் எல்லோரும் சேர்ந்து பின்னினார்கள். அந்த வெயில் ஊரில் கம்பளி எதற்கு என்று உன் நண்பர் கேட்டார். எடை குறைந்து பிறந்த பிள்ளைக்குத் தலை வழியாக நிறையச் சூடு போகும் என்று சொல்லி அனுப்பினேன். அவற்றை உங்கள் மருத்துவமனையில் வைத்துக்கொள்ளாதே. போதனா மருத்துவமனையின் பிரசவ வார்டு நர்ஸிடம் கொடு, கொடுக்கும்போது யாரும் படம் எடுக்க வேண்டாம். சிறிய அளவு வெள்ளை, அடுத்தது மஞ்சள். வெந்நீரில் அலசக் கூடாது, சுருங்கிவிடும் என்று அவரிடம் சொல். அளவு சரியாக இருக்கிறதா என்று அவரையே கேட்டு எழுது. சரியில்லையென்றால் அடுத்த முறை மாற்றிப் பின்னுகிறோம்.

அன்புடன்,
அம்மா