ஒரு முழச் செம்புக் கம்பி

அன்பு நண்பர்களுக்கு,

என் பழைய குட்டிக் கார், ஆஸ்டின் செவன் ரூபி, ஓடுகிறது. நேற்று மாலை பதினொரு கிலோமீட்டர் ஓட்டினேன். நடுவில் எங்கும் நிற்கவில்லை, எதுவும் கழன்று விழவில்லை. நகக்கண்ணில் இன்னும் கிரீஸ் இருக்கிறது. சோப்புப் போட்டும் போகவில்லை. சரி, இருக்கட்டும்.

நடந்ததை மறுபடி சொல்லப் போவதில்லை. எஞ்சினுக்குள் சுழலும் முக்கியத் தண்டான கிராங்க் ஷாஃப்ட் இரண்டாக ஒடிந்து கிடந்த படத்தைப் பார்த்தவர்கள்தானே நீங்கள். என் ரூபி 1935ஆம் வருடத்துப் பிள்ளை. 1936 நடுவில்தான் ஆஸ்டின் செவன் கிராங்க்கைத் தாங்க நடுவில் மூன்றாவது பேரிங் வைத்தார்கள். இன்னும் ஒரு வருடம் பிந்திய வண்டியாகப் பார்த்து வாங்கியிருக்கலாமே என்று நான் எத்தனை ராத்திரி புலம்பினேன் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாக நினைவிருக்கும். ஆனால் ஒருவர்கூட "பழைய இரும்புக்குப் போட்டுவிடு" என்று சொல்லவில்லை. அதற்கே முதல் நன்றி.

இந்த மடலில் பெரும்பகுதி, உங்களில் பலருக்குத் தெரியாத ஒருவருக்கு. ஒடிந்த வண்டியை லாரியில் ஏற்றிவந்து இறக்கினானே ஒரு பையன், அவனுடைய தாத்தா.

எஞ்சினைத் திரும்பப் பூட்டிக் கிளப்பிய மறுநாள் காலை, முன்பு மறந்து விட்டுப்போன கயிற்றை எடுக்க அந்தப் பையன் வந்தான். கூடவே பெரியவர். "பேபி ஆஸ்டின்னு வாய்தவறிச் சொல்லிட்டேன், நானும் வர்றேன்னு ஒத்தக்கால்ல நின்னாரு" என்றான் (ஆஸ்டின் செவனுக்கு அதுதான் செல்லப்பெயர்). பெரியவர் பெயின்ட்டைப் பார்க்கவில்லை, நான் ராப்பகலாகத் தேய்த்த விளக்குகளையும் பார்க்கவில்லை. நேராக வந்து பானெட்டைத் தூக்கிவிட்டு, "கிளப்பும்மா" என்றார்.

கிளப்பினேன். கொஞ்ச நேரம் ஓடவிட்டு, நன்றாகச் சூடானதும் காது மெஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நீளமான ஸ்க்ரூடிரைவர் ஒன்றை எடுத்து, முனையை கிராங்க்கேஸில் ஊன்றி, பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்திக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டே, "ஊசி எங்கே நிக்குதும்மா?" என்றார்.

யாரோ ஒரு பழைய சொந்தக்காரர் டாஷ்போர்டில் ஆயில் பிரஷரைக் காட்டும் கேஜ் ஒன்று மாட்டியிருந்தார். அதில் இருபத்திரண்டு. சொன்னால் அவருக்குக் கேட்காதே, இரண்டு விரலை இரண்டு தரம் காட்டினேன். பெருமையாகத்தான் காட்டினேன். முந்தின நாள் அதே கேஜைப் படமெடுத்து உங்களுக்கெல்லாம் அனுப்பி, வாழ்த்தும் வாங்கியிருந்தேனே.

பெரியவர் பேசவே இல்லை. கையை நீட்டி சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தார்.

காது மெஷினை மாட்டிக்கொண்ட பிறகுதான் சொன்னார். மற்ற எஞ்சின்களில் ஆயிலைப் பம்பு அழுத்தித் தள்ளும், பிரஷர் நின்றால் நல்லது. இதில் அப்படி இல்லை. இரண்டே இரண்டு சின்ன ஜெட். அவை ஆயிலை கிராங்க்கின் மேல் பீச்சும், கிராங்க் சுழலும் வேகத்தில் அது பிக் எண்டுக்குள், அதாவது பிஸ்டன் தண்டு கிராங்க்கைப் பிடிக்கும் பேரிங்குக்குள், போய்ச் சேரும். வழி திறந்திருந்தால் ஊசி கீழேதான் கிடக்கும். சூடான எஞ்சினில் ஊசி இவ்வளவு ஏறி நின்றால் ஆயிலுக்குப் போக வழியில்லை என்று அர்த்தம். "நீ நல்லா இருக்குன்னு நினைச்ச பாரு, அதுதாம்மா நோவு."

கிராங்க்கேஸின் பக்கவாட்டில் இரண்டு பிளக்குகள் உண்டு. கழற்றினால் ஜெட் தெரியும். நான் ஊக்கை எடுத்து நீட்டினேன், வேண்டாம் என்று தலையாட்டினார். இரும்பு பட்டால் ஓட்டை பெரிதாகிவிடுமாம். மூலையில் கிடந்த பழைய ஒயரைக் கத்தியால் சீவி, அதிலிருந்து ஒரே ஒரு செம்பு இழையை உருவினார். முதல் ஜெட் சுத்தம். இரண்டாவதில் கம்பி போகவில்லை. விரல் நுனியில் வைத்து உருட்டி உருட்டி, மெதுவாக இழுத்தபோது அதன் முனையில் சிவப்பாக ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது. கடுகளவுகூட இருக்காது.

கேஸ்கெட்டுக்கு நான் தாராளமாக அப்பிய சிலிக்கான்.

புதிய கிராங்க், பேரிங்குக்குள் புதிதாக வார்த்த ஒயிட் மெட்டல் என்ற மிருதுவான உலோகம், இத்தனை மாத உழைப்பு. இன்னும் அரைமணி நேரம் ஓட்டியிருந்தால் அந்த ஜெட் ஆயில் கொடுக்க வேண்டிய பாதி காய்ந்து போயிருக்கும். எனக்குக் கை நடுங்கியது. பெரியவர் திட்டுவார் என்று நின்றேன். அவரோ அந்தச் சிவப்புத் துணுக்கைக் கந்தல் துணியில் துடைத்துவிட்டு, "நான் ஒரு எஞ்சினையே இப்படிக் கொன்னவன். உனக்கு ஊசியாவது சொல்லிச்சு" என்றார். அப்புறம் இன்னொரு இழையை ஒரு முழ நீளத்துக்கு உருவி, தன் சுண்டுவிரலில் சுற்றிச் சுருளாக்கி என்னிடம் கொடுத்தார். "வண்டியிலேயே வெச்சுக்க."

அன்றே எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பைக் கழற்றி எல்லாவற்றையும் கழுவினேன். இப்போது சூடானால் ஊசி நாலில் நிற்கிறது. அதைப் பார்த்தால்தான் தூக்கம் வருகிறது.

மற்றவர்களை இப்படி ஒரே மூச்சில் சொல்வது நியாயமில்லைதான். ஒயிட் மெட்டல் வார்த்துக் கொடுத்தவர். பழைய பிரிட்டிஷ் அளவான பி.எஸ்.எஃப். ஸ்பேனர் செட்டை ஆறு மாதம் திருப்பிக் கேட்காதவர் (அதில் பொறித்திருப்பது ஸ்பேனரின் வாயளவு இல்லை, போல்ட்டின் தடிமன் என்று எனக்கு உறைக்கவே ஒரு வாரம் ஆயிற்று). ஆறு வோல்ட்டுக்குத் தடித்த ஒயர்தான் வேண்டுமென்று நான் இழுத்திருந்ததையெல்லாம் பிய்த்தெறிந்தவர். பாதிப் பிடிப்பு என்பதே இல்லாத அந்த கிளட்ச்சை, பக்கத்தில் உட்கார்ந்து தலை குலுங்கக் குலுங்கப் பழக்கிவிட்டவர். வீடெல்லாம் மண்ணெண்ணெய் வாடை அடித்தும் என்னை வெளியே தள்ளாத வீட்டுக்காரர். அத்தனை பேருக்கும் நன்றி. "ஆயில் மாத்தி ஓட்டிக்கலாம்" என்று சொல்லி விற்றவருக்கு மட்டும் இங்கே இடமில்லை.

சிலிக்கான் டியூபைத் தூக்கிப் போட்டாயிற்று. இனி எஞ்சினில் கை வைத்தால் அந்த இரண்டு பிளக்கையும் திறந்து பார்க்காமல் கிளப்ப மாட்டேன். யாராவது கேஜைப் படமெடுத்து அனுப்பினால், வாழ்த்துக்கு முன்னால் என்ன எஞ்சின், சூடா குளிரா என்று கேட்பேன். நீங்களும் கேளுங்கள். அன்று நம்மில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை பாருங்கள்.

ஐயா, உங்கள் பேரன் இதை உங்களுக்குப் படித்துக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறான். கம்பி கதவுப் பையில் பத்திரமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வருகிறேன். உள்ளே இடம் கொஞ்சம்தான், முழங்காலை மடக்கி உட்கார வேண்டியிருக்கும். ஸ்க்ரூடிரைவரையும் எடுத்து வருகிறேன்.