கூப்பர்ஸ்டவுன் பேஸ்பால் புகழ் மண்டப நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகிகளுக்கு,

வணக்கம். 2025 ஜூலையில் பழைய பேஸ்பால் வீரர் டிக் ஆலனின் பட்டயத்தை உங்கள் சுவரில் ஏற்றினீர்கள். அவர் இறந்து நாலரை வருஷம் கழித்து என்றாலும் நல்ல காரியம். ஆனால் 1969 அக்டோபரில் கார்டினல்ஸ் அணி யாரைக் கொடுத்து ஆலனை வாங்கியது? அந்தக் கைமாற்றத்துக்கு ஒத்துக்கொள்ளாமல் எதிர்த்து நின்ற கறுப்பின வீரர் கர்ட் ஃப்ளட்டை. அவருக்கு உங்களிடம் இன்னும் இடமில்லை. அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

'என் விருப்பத்தைக் கேட்காமல் வாங்கவும் விற்கவும் நான் ஒரு சொத்து அல்ல' என்று அந்த டிசம்பர் 24 அன்று பேஸ்பாலின் தலைமை நிர்வாகியான கமிஷனர் போவி கூனுக்கு அவர் எழுதியது உங்களுக்குத் தெரியும். வருஷத்துக்கு 90,000 டாலர் வாங்குகிறவர் இப்படிப் பேசலாமா என்று கேட்டார்கள். நல்ல சம்பளம் வாங்கினாலும் அடிமை அடிமைதான் என்றார்.

அந்தச் சொல் அவருக்கு எங்கிருந்து வந்தது? இளம் வயதில் தென் மாநிலங்களில் சிறு லீக்கில் ஆடியபோது நடந்ததை அவரே சொல்லியிருக்கிறார். ஒரே நாளில் இரண்டு ஆட்டம். முதல் ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் வியர்த்த சீருடையைக் கழற்றி ஒரே குவியலாகப் போட்டார்கள். இவரும் போட்டார். அறையைப் பார்த்துக்கொள்கிற ஆள் சத்தம் போட்டு, ஆணி அடித்த நீளக் குச்சியால் இவர் துணியை மட்டும் குத்தி எடுத்தார். கறுப்பர்களின் சலவைக்கடைக்கு அது தனியாகப் போனது. மற்றவர்கள் மைதானத்தில் இறங்கிவிட்டார்கள். துணி வரும்வரை அந்தப் பையன் உடம்பில் ஒட்டுத் துணியில்லாமல் உட்கார்ந்திருந்தான்.

அதே ஃப்ளட்தான் 1962இல், பெரிய லீக்கின் நிறத் தடையை உடைத்த கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சனுடன் மிசிசிப்பி ஜாக்சனுக்குப் போய் கறுப்பர்களின் உரிமைக் கூட்டத்தில் நின்றார். சிறந்த தடுப்பாட்டத்துக்கான தங்கக் கையுறை விருதை ஏழு முறை வாங்கியவர், வீரரைக் கேட்காமலே அணிகள் அவரைக் கைமாற்றலாம் என்ற விதியை எதிர்த்து, தன் ஆட்ட வாழ்க்கையையே பணயம் வைத்து வழக்குப் போட்டார். அப்போது ஆடிக்கொண்டிருந்த ஒரு வீரர்கூட அவருக்காகச் சாட்சி சொல்ல வரவில்லை. ராபின்சன் வந்தார். 1972இல் உச்ச நீதிமன்றம் 5-3 என்று அவரைத் தோற்கடித்தது. மூன்றே வருஷத்தில் மற்ற வீரர்களுக்கு, ஒப்பந்தம் முடிந்ததும் தங்கள் அணியைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் விடுதலை கிடைத்தது. அதற்குள் இவர் ஆட்டத்தை விட்டே போயிருந்தார்.

'ஃப்ளட் எதிர் கூன்' என்பதுதானே வழக்கின் பெயர்? கூனை 2008இல் சேர்த்தீர்கள். ஃப்ளட்டுக்குத் துணை நின்ற வீரர் சங்கத் தலைவர் மார்வின் மில்லரையும் 2021இல் சேர்த்தீர்கள். வழக்குப் போட்டவர் மட்டும் ஏன் வெளியே நிற்க வேண்டும்?

ஏப்ரல் 15 வந்தால் எல்லா அணி வீரர்களும் ராபின்சனின் 42ஆம் எண் சட்டையைப் போட்டுக்கொள்கிறார்கள். நோயோடு போராடிக்கொண்டே அவர் நீதிமன்றத்துக்கு வந்தது யாருக்காக என்று அன்றைக்கு யாராவது பேசுகிறார்களா? ஆடுகிறவன் ஆடினால் போதும், வாயைத் திறக்கக் கூடாது என்பதுதான் இன்றுவரை முதலாளிகளின் எண்ணம்.

கோபத்தில் கொஞ்சம் கூடுதலாக எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை உங்கள் பழங்கால வீரர்கள் குழு கூடும்போது கர்ட் ஃப்ளட்டின் பெயரைத் தயவுசெய்து பட்டியலில் வையுங்கள். தேர்வானால், பட்டயத்தில் ஏழு கையுறைகளோடு அந்த டிசம்பர் 24 கடிதத்தையும் குறிப்பிடுங்கள்.

நன்றியுடன்,
ஒரு ரசிகன்