87 ரூபா மண்ணெண்ணெயும் 5 வீத வளர்ச்சியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

2024இல் இலங்கைப் பொருளாதாரம் 5 வீதம் வளர்ந்ததைக் காட்டி, நாடு மீண்டு வருகிறது என்று தலையங்கம் எழுதியிருந்தீர்கள். கணக்கு சரி. ஆனால் 2022இல் 7 வீதத்துக்கு மேல் விழுந்து, 2023இலும் விழுந்த பிறகு எழும்பின 5 வீதம் அது. கிணற்றுக்குள் விழுந்தவன் நாலு படி ஏறின கதை.

என்னிடம் இருப்பது 18 அடி பைபர் படகும் மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சினும். ஒரு நாள் தொழிலுக்கு 20 லீட்டர் வேண்டும். 2022 ஓகஸ்ட் 21 நள்ளிரவு வரை லீட்டர் 87 ரூபா, விடிய 340. முதல் நாள் 1,740 ரூபாவில் முடிகிற செலவு அடுத்த நாள் 6,800. வலையில் என்ன விழும் என்று தெரியாமல் இந்தக் காசைக் கடலில் ஊற்ற யாருக்கு மனம் வரும்? 87 ரூபாவாக இருந்தபோது மட்டும் கிடைத்ததா என்றால், அதுவும் இல்லை. கான்களை வரிசையில் வைத்து, காற்றுக்குப் பறக்காமல் ஒன்றோடொன்று கயிற்றால் கட்டிவிட்டு வீட்டுக்கு வருவோம். மலிவு மண்ணெண்ணெயை டீசலில் கலந்து ஓட்டினவர்களும் இருந்தார்கள், மறுக்கவில்லை. அதற்காக ஒரே இரவிலா நாலு மடங்கு?

இதற்குக் கொரோனாவையும் உக்ரைன் போரையும் மட்டும் சொல்லித் தப்ப முடியாது. 2019 டிசம்பரில் கோட்டாபய ராஜபக்ஷவின் புதிய அரசு பெறுமதி சேர் வரியை, அதாவது சாமான் விலையோடு சேர்த்து நாங்கள் கட்டுகிற வரியை, 15 வீதத்திலிருந்து 8 ஆக்கியது. சம்பளத்தில் பிடிக்கும் வரியையும் எடுத்துவிட்டது. சாமான் விலை இறங்கும் என்று சந்தோஷப்பட்டவர்களில் நானும் ஒருவன். அரசின் வருமானம் விழுந்தது, வெளியில் கடன் கிடைக்கவில்லை, மத்திய வங்கி காசு அச்சடித்தது. டொலரை 200 ரூபாவை ஒட்டியே பிடித்து வைத்து, 2022 மார்ச்சில் கைவிட்டார்கள்; ரூபா சரிந்தது. ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவிப்பு. எண்ணெய்க் கப்பல் கடலில் நின்றது, இறக்கக் காசில்லை.

அன்று குறைத்த வரியை இன்று யார் கட்டுகிறோம்? 2024 ஜனவரியில் அதே வரி 18 வீதமானது. சமையல் எரிவாயுவுக்கும் வந்தது. வருமான வரியையும் கூட்டினார்கள், சரி. ஆனால் கடையில் வாங்கும் சாமானுக்கு முதலாளிக்கும் எனக்கும் ஒரே 18தான். 2023இல் உள்நாட்டுக் கடனைச் சீரமைத்தபோது வங்கிகளை விட்டுவிட்டு, தொழிலாளர்கள் ஓய்வுக்காலத்துக்குச் சேர்த்த ஊழியர் சேமலாப நிதியில் கை வைத்ததும் இதே புத்திதான்.

2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் ராஜபக்ஷ சகோதரர்களையும் முன்னாள் மத்திய வங்கி ஆளுநர்களையும் நெருக்கடிக்குப் பொறுப்பாளிகள் என்று தீர்ப்பளித்தது. எங்கள் எஞ்சினுக்கு அதனால் ஒரு சொட்டும் வரவில்லை.

பணவீக்கம் 2022 செப்டெம்பரில் 70 வீதத்தைத் தொட்டு, அடுத்த செப்டெம்பரில் 1.3 ஆனது. விலை இறங்கிவிட்டது என்றுதான் பலர் இதை வாசிக்கிறார்கள். ஏறுகிற வேகம் குறைந்தது, அவ்வளவுதான். மண்ணெண்ணெய் 340இலிருந்து பிறகு இறங்கியது உண்மை; 87 திரும்பவில்லை. நாட்டில் கால்வாசிப் பேர் வறுமைக் கோட்டுக்குக் கீழே, 2019ஐ விட இரண்டு மடங்குக்கு மேல் என்று உலக வங்கி 2024க்குக் கணக்கிட்டதையும் உங்கள் தலையங்கத்தில் காணவில்லை.

அடுத்த முறை வளர்ச்சி வீதம் போடும்போது, பாண், எரிவாயு, மண்ணெண்ணெய் மூன்றின் 2019 விலையையும் அன்றைய விலையையும் அதே பக்கத்தில் ஒரு பெட்டி கட்டிப் போடுங்கள்.

இப்படிக்கு,
கடற்றொழிலாளர் ஒருவர்,
பருத்தித்துறை.