கணப்புக்கு ஒரு கம்பித் தட்டு

கோத்தகிரி

அன்புள்ள சாந்திக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலியும் உன்னோடு கொடைக்கானலுக்குக் குடிவந்துவிட்டதாக்கும். இங்கே இவருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது பேப்பரை ஒரு வரி விடாமல் படிக்கிறார், படித்ததை எனக்கும் வாசித்துக் காட்டுகிறார். அதுதான் தாங்கவில்லை.

குளிர்காயும் கணப்பில் விறகை வைத்து எரிக்கக் கம்பித் தட்டு கேட்டிருந்தாய். நீ ஆன்லைனில் பார்த்து வைத்திருக்கும் வார்ப்பிரும்புத் தட்டு படத்தில் அழகாய்த்தான் இருக்கிறது. வார்ப்பிரும்பு வளையாது, சூட்டையும் வெகுநேரம் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆனால் கனமாக இருக்க வேண்டும். மெல்லிசாக இருந்தால் விரிசல் விடும். எரிகிறபோது யாராவது அவசரப்பட்டுத் தண்ணீர் ஊற்றினால் கனமானதுகூடப் பட்டென்று பிளந்துவிடும். உன் வீட்டில் பேரன்கள் இருக்கிறார்கள், யோசித்துக்கொள்.

நான் இங்கே ஒரு வெல்டிங் பட்டறையில் முக்கால் இஞ்ச் சதுரக் கம்பி வைத்துச் செய்துகொண்டேன். பட்டறையில் மிச்சம் கிடக்கும் 8 எம்.எம். கம்பியைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள், விடாதே. தணல் சூட்டில் அது நடுவில் தூளி மாதிரி தொங்கிவிடும். ஜி.ஐ. கம்பி வேண்டவே வேண்டாம். அதன் துத்தநாகப் பூச்சு சூட்டில் புகையும், அந்தப் புகை உடம்புக்கு ஆகாது. முன்பக்கம் கம்பிகளை நாலு விரல் மேலே வளைக்கச் சொல், கட்டை உருண்டு தரைக்கு வராது.

அளவுதான் முக்கியம். உன் கணப்பின் வாயை மட்டும் அளந்து அனுப்பியிருக்கிறாய், அது போதாது. பழைய பங்களாக்களில் கணப்பின் பின்சுவர் குறுகலாக இருக்கும். பக்கச் சுவர்களைச் சாய்த்துக் கட்டினால் சூடு அறைப் பக்கம் திரும்பும் என்று ரம்ஃபோர்டு பிரபு என்ற விஞ்ஞானி 1790-களிலேயே எழுதி வைத்தார். வெள்ளைக்காரர்கள் மலைக்கு வந்தபோது அந்த வித்தையும் கூட வந்தது. அதனால் பின்சுவரின் அகலம், ஆழம் இரண்டையும் அள. தட்டைச் சுற்றி இரண்டு மூன்று இஞ்ச் இடம் விட்டால் போதும்.

தட்டின் உயரத்தை மட்டும் வாங்குவதற்கு முன்பே பார்த்துவிடலாம். செங்கல்களை அடுக்கி, மேலே பழைய இரும்புக் கம்பிகளைக் குறுக்கே போட்டு விறகை எரி. அறைக்குள் புகை வந்தால் இன்னொரு வரிசை செங்கல் வை. நெருப்பு சிம்னி வாய்க்குக் கிட்டப் போனால் புகை பெரும்பாலும் மேலே ஏறிவிடும். எந்த உயரத்தில் அறைக்குள் புகை வருவது நிற்கிறதோ அதுதான் உன் தட்டுக் கால்களின் உயரம். நாலு வரிசை வைத்தும் புகைந்தால் கோளாறு தட்டில் இல்லை, சிம்னியில் காக்கா கூடு கட்டியிருக்கும். முதலில் ஆளைக் கூப்பிட்டு அதைச் சுத்தம் பண்ணு.

இன்னொன்று, விறகுக்குத் தட்டு கட்டாயம் என்றில்லை. நிலக்கரிக்குத்தான் அடியிலிருந்து காற்று வேண்டும். விறகு சாம்பல் மெத்தை மேலேயே நன்றாக எரியும். எனக்குக் காலையில் பற்றவைக்கச் சுலபமாக இருக்கிறது என்பதற்காகத்தான் தட்டு. அடியில் ஓர் இஞ்ச் சாம்பலை அள்ளாமல் விட்டுவிடுவேன், ராத்திரித் தணல் விடியும்வரை இருக்கும். இங்கே சீகை (வாட்டில் மரம்) விறகுதான். கற்பூர மரம் (யூகலிப்டஸ்) குபுகுபுவென்று எரியும். உங்கள் ஊரில் பைன் மலிவு என்று வாங்கிக் குவிக்காதே, பொறி பறக்கும், சிம்னியில் கரியும் பிசினுமாக அப்பும்.

அப்புறம், குளிருக்குப் பயந்து சட்டியில் அடுப்புக்கரியைப் போட்டுப் படுக்கையறையில் வைத்துக்கொள்ளாதே. மூடிய அறையில் கரியிலிருந்து கிளம்பும் நச்சுக் காற்று (கார்பன் மோனாக்சைடு) ஆளையே கொல்லும், அதற்கு வாசனையே கிடையாது.

அளவெல்லாம் எடுத்து எழுது. எங்கள் பட்டறைக்காரரிடமே சொல்லிவிடுகிறேன். பொங்கலுக்குத் தம்பி மகன் மதுரைக்குக் காரில் போகிறான், வத்தலக்குண்டில் உன் மருமகன் வந்து வாங்கிக்கொள்ளட்டும்.

அன்புடன்,
கமலா