பிள்ளை பேசும்போது நம் கண் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிள்ளைகள் எந்நேரமும் போனும் கையுமாகக் கிடக்கிறார்கள் என்று வாசகர்கள் எழுதும் கடிதங்களைத் தவறாமல் படிக்கிறேன். சரிதான். ஆனால் பெற்றவர்கள் கையில் இருக்கும் போனைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லையே, ஏன்?

சென்ற மாதம் என் ஆறு வயது மகள் பள்ளியில் நடந்த ஏதோ ஒரு சண்டையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் "ம்... ம்..." கொட்டிக்கொண்டே அலுவலக வாட்ஸ்அப் குழுவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாதியில் நிறுத்திவிட்டாள், அவள் நிறுத்தியதுகூட எனக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது. அப்புறம் "என்னம்மா சொன்னே?" என்று கேட்டால் "ஒண்ணுமில்லப்பா" என்கிறாள். அந்த ஒண்ணுமில்லைதான் உறுத்துகிறது. இன்றைக்குச் சின்னச் சண்டையைச் சொல்ல முடியாத பெண், பதினைந்து வயதில் ஒருவன் மிரட்டுகிறான் என்றால் என்னிடமா வந்து சொல்லப்போகிறாள்?

எட்வர்ட் ட்ரோனிக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970களில் ஒரு சோதனை செய்தார். அதுவரை கொஞ்சிக்கொண்டிருந்த தாய், சில நிமிடங்கள் முகத்தில் எதையும் காட்டாமல் குழந்தையையே பார்த்தபடி உட்கார வேண்டும், அவ்வளவுதான். குழந்தை சிரித்துப் பார்க்கிறது, கையை நீட்டுகிறது, குரல் கொடுக்கிறது, எதுவும் பலிக்காமல் போனதும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. அழுதுவிடும் குழந்தைகளும் உண்டு. அந்த முகத்தை நாம் ஒரு நாளைக்கு எத்தனை தடவை காட்டுகிறோம் என்று எண்ணிப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

2 முதல் 4 வயது வரை திரை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னதை எல்லோரும் எடுத்துக்காட்டுகிறோம். குழந்தை உட்கார்ந்திருக்கும் நேரத்தில் பெரியவர்கள் கதை சொல்லுங்கள், புத்தகம் வாசித்துக் காட்டுங்கள் என்றும் அதிலேயே இருக்கிறது. அதை மட்டும் வசதியாக விட்டுவிடுகிறோம், ஏனென்றால் அது நம் வேலை.

"அதெல்லாம் அவங்க அம்மா பார்த்துக்குவாங்க" என்கிற அப்பாக்களுக்கு (நானும் அந்த ரகம்தான்) ஒரு வார்த்தை. வளர்க்கும் பொறுப்பு தாய் தந்தை இருவருக்கும் பொது என்று 1989இல் ஐ.நா. ஏற்ற குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 18ஆவது பிரிவே சொல்கிறது.

இப்போது வீட்டுக்குள் வந்ததும் போனை அலமாரியில் வைத்துவிடுகிறேன். தினமும் முடிவதில்லை, பாதி நாள் கை தானாக அங்கே போகிறது. நேற்று அவளருகே உட்கார்ந்து, அந்தச் சண்டை என்ன ஆனது என்று கேட்டேன். "அது எப்பவோ முடிஞ்சு போச்சுப்பா" என்றாள்.

இப்படிக்கு,
ஒரு தந்தை