தறிக்கு முன்னால் ஒரு குழந்தை

ஆசிரியர் அவர்களுக்கு,

என் மகள் உயர்தரத்தில் சித்திரம் படிக்கிறாள். போன கிழமை போனில் ஒரு ஓவியத்தைக் காட்டி, "உம்மா, இது நீங்க சொல்ற மூத்தவாப்பாட தறி மாதிரியே இருக்கு" என்றாள். வின்சென்ட் வான்கோ 1884இல் ஒல்லாந்து நாட்டு நூனென் கிராமத்தில் வரைந்த நெசவாளி.

நெசவாளர் வீடுகளுக்கே போயிருந்து அவர் பல படங்கள் வரைந்திருக்கிறார். தம்பிக்கு எழுதிய கடிதம் ஒன்றில் ஒரு தறியைப் பற்றிச் சொல்கிறார். பழைய ஓக் மரத் தறி, அதில் 1730 என்று செதுக்கியிருக்கிறது. பக்கத்தில் உயரமான கதிரையில் ஒரு குழந்தை, குறுக்கு நூலைக் கொண்டு போய் வரும் நாடாவை மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறது. மகள் இதைத் தமிழில் சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. நானும் அப்படி வளர்ந்தவள்தான்.

மருதமுனையில் எங்கள் வீட்டு விறாந்தையில் வாப்பாவின் குழித்தறி இருந்தது. குழிக்குள் காலை விட்டு மிதியை மாற்றி மாற்றி மிதிப்பார். பக்கத்து வளையில் என் ஏணை. தறிச் சத்தம் நின்றால் நான் அழுவேனாம், உம்மா சொல்லுவா. உம்மாவின் இடம் வாசற்படிக்குக் கிட்ட, இராட்டையோடு. நாடாவுக்குள் வைக்கும் நூல் குழலான தார் எல்லாம் அவ சுற்றியதுதான். நூல் அறுந்தால் விரலில் எச்சில் தொட்டு முறுக்கி ஒட்டிவிடுவா, ஒட்டு இருந்த இடமே தெரியாது. ஆனால் சாரனை வாங்குபவர்கள் வாப்பாவின் பேரைத்தான் சொல்லுவார்கள்.

2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்து தறியைக் கொண்டுபோனது. அதைப் படம் எடுத்து வைக்க எங்கள் யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. அது தினமும் கண் முன்னால் இருந்ததுதானே.

மட்டக்களப்பு கல்லடியில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் ஓவியம் படிக்கும் பிள்ளைகளிடம் ஒன்று கேட்கிறேன். கல்முனை பஸ் ஏறினால் மருதமுனையில் இறங்கலாம். தறிச் சத்தம் கேட்கும் வீடுகள் இங்கே இன்னும் இருக்கின்றன. ஒரு பகல் வந்து இருந்து வரையுங்கள். கடையில் மடித்து வைத்த சாரன் வேண்டாம், ஆள் இருக்கும் தறியை வரையுங்கள். தார் சுற்றுகிறவளை விட்டுவிடாதீர்கள். வான்கோ நூல் சுற்றும் பெண்ணையும் வரைந்தார், ஆனால் தனிப் படமாக. எங்கள் வீட்டில் இரண்டு பேரும் ஒரே விறாந்தையில்தான் இருந்தார்கள்.

வருகிற பிள்ளைகளுக்குப் பகல் சோறு என் வீட்டில்.

ஒரு நெசவாளியின் மகள்,
மருதமுனை.