சிவப்பு மன்றத்தில் ஒரு மத்தியானம்

பிரிஸ்பேன்,
ஐப்பசி

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விட்டுக்கொள். அடுத்த கண்ணையும் தை பிறந்ததும் முடித்துவிடு, தள்ளிப்போடாதே. இங்கே எல்லோரும் சுகம். வெயில் ஏறத் தொடங்கிவிட்டது. ஜகரண்டா பூத்துக் கொட்டி, எங்கள் தெரு நடைபாதை முழுக்க ஊதாவாகக் கிடக்கிறது.

நம்மூர் மேலவையைப் பற்றி, அதாவது தமிழ்நாட்டுச் சட்டமன்றத்துக்கு முன்பு இருந்த இரண்டாவது அவையைப் பற்றி, நீ எழுதியிருந்ததை இரண்டு தடவை படித்தேன். வேலைக்குச் சேர்ந்து மூன்று வருஷம் முடிந்து, வாத்தியார்கள் மட்டும் ஓட்டுப் போடுகிற ஆசிரியர் தொகுதிப் பட்டியலில் பேர் ஏறியதும் நீ ஓட்டுப் போடப் போன கதை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. முத்திரை குத்துகிற ஓட்டு இல்லை, பேருக்கு எதிரே 1, 2, 3 என்று எண் எழுதவேண்டும் என்று எங்களிடம் எவ்வளவு பெருமையாக விளக்கினாய்! 1986 நவம்பர் 1-ஆம் தேதி அந்த அவை போனது. அதன் பிறகு யாரும் வாத்தியார்களிடம் தனியாக வந்து ஓட்டுக் கேட்கவில்லை என்ற உன் வருத்தம் நியாயமானதுதான்.

அந்தக் கடிதத்தைப் படித்த வாரமே பேத்தியைக் கூட்டிக்கொண்டு இங்கே பார்லிமென்ட் கட்டடம் பார்க்கப் போனேன். ஜார்ஜ் தெருவும் ஆலிஸ் தெருவும் சேரும் முனையில், தாவரவியல் பூங்காவை ஒட்டி இருக்கிறது. 1868-இல் திறந்த கல் கட்டடம். கீழவை பச்சை நிறம். அங்கே மேஜை மேல் காகிதமும் தண்ணீர்க் குவளையுமாக, ஆள் புழங்குகிற இடம் என்று பார்த்தாலே தெரியும். அதைத் தாண்டி இன்னொரு மன்றம் இருக்கிறது. அது முழுக்கச் சிவப்பு. இருக்கைகள், தலைவர் ஆசனம் எல்லாம் அப்படியே இருக்கின்றன. சடங்குகளுக்கும் விழாக்களுக்கும் மட்டும்தான் இப்போது பயன்படுகிறதாம். "இங்க உக்காந்தவங்க எல்லாம் எங்க தாத்தா?" என்று பேத்தி கேட்டாள். அவளுக்குச் சொன்னதை விட உனக்கு விரிவாகச் சொல்லவேண்டும் என்று அப்போதே தோன்றியது.

பிரிஸ்பேனைத் தலைநகராகக் கொண்ட எங்கள் மாநிலம் குயின்ஸ்லாந்து தனி காலனியானது 1859-இல். மறு வருஷம் பார்லிமென்ட் கூடியபோதே இரண்டு அவைகள். கீழவைக்குத் தேர்தல், மேலவைக்குக் கவர்னரின் நியமனம். முதலில் போட்டவர்களுக்கு மட்டும் ஐந்து வருஷம். அதற்கப்புறம் நியமனமானவர்களுக்கு ஆயுள் முழுக்கப் பதவி. சம்பளம் கிடையாது. சம்பளம் இல்லாமல் வருஷக்கணக்கில் பிரிஸ்பேனில் வந்து உட்கார யாரால் முடியும்? ஆயிரக்கணக்கான ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்த ஆட்டுப்பண்ணை, மாட்டுப்பண்ணைக்காரர்கள், வக்கீல்கள், வியாபாரிகள், இவர்களால்தான் முடியும். அவை கலைந்த நாள் வரை ஒரு பெண் கூட அங்கே உறுப்பினராக இருந்ததில்லை.

இங்கேதான் உனக்குத் தெரிந்த ஒருவர் வருகிறார். 1907-இல் கிட்ஸ்டன் என்ற பிரதமர் (இங்கே மாநில முதல்வரை அப்படித்தான் சொல்கிறார்கள்) கொண்டுவந்த மசோதாக்களில் மேலவை கை வைத்தது. புதிய உறுப்பினர்களைப் போதுமான அளவு நியமித்துத் தாருங்கள் என்று அவர் கவர்னரிடம் கேட்டார். கவர்னர் மறுத்தார், கிட்ஸ்டன் ராஜினாமா செய்தார். அந்தக் கவர்னர் யார் தெரியுமா? செம்ஸ்போர்டு பிரபு! முப்பது வருஷம் நீ கரும்பலகையில் எழுதிப்போட்ட மாண்டேகு–செம்ஸ்போர்டு சீர்திருத்தத்தின் செம்ஸ்போர்டு. ஜாலியன்வாலாபாக் நடந்தபோது வைஸ்ராயாக இருந்த அதே மனிதர். 1919 சட்டத்தில் டில்லிக்கு ராஜாங்க சபை என்று ஒரு மேலவை வந்ததே, அதற்குப் பன்னிரண்டு வருஷம் முன்னால் அவர் இங்கே ஒரு மேலவையைக் காப்பாற்றியிருக்கிறார். மன்றத்தில் நின்றபோது எனக்கு உன் வகுப்பறைதான் நினைவுக்கு வந்தது.

ஆனால் 1908 தேர்தலில் கிட்ஸ்டன் திரும்பி வந்தார். மேலவை இரண்டு தடவை நிராகரித்த மசோதாவை நேரே மக்களிடம் வாக்கெடுப்புக்குக் கொண்டுபோகலாம் என்று அதே வருஷம் சட்டம் போட்டார்.

1915-இல் ரயன் தலைமையில் தொழிற்கட்சி ஆட்சி. கீழவையில் நிறைவேறுகிற மசோதாக்கள் சிவப்பு மன்றத்தில் போய் முடங்கின. இந்த அவையே வேண்டாம் என்று 1908 சட்டத்தின்படி ரயன் மக்களிடம் போனார். 1917 மே 5-ஆம் தேதி வாக்கெடுப்பு. ஒழிக்கலாம் என்று 1,16,196 பேர், கூடாது என்று 1,79,105 பேர். இந்த எண்களை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன், சண்முகம். தங்களுக்கு ஓட்டே இல்லாத ஒரு அவையை மக்களே காப்பாற்றியிருக்கிறார்கள். அவர்களை முட்டாள்கள் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. போர்க்காலம். தட்டிக்கேட்க இன்னொரு இடம் இருக்கட்டும் என்று நினைத்திருப்பார்கள்.

மக்கள் மறுத்ததும் கட்சி வேறு வழி பார்த்தது. 1920-இல், கீழவைச் சபாநாயகராக இருந்த தொழிற்கட்சிக்காரரான லெனன், கவர்னர் இல்லாதபோது அவர் வேலையைப் பார்க்கிற லெப்டினன்ட் கவர்னரானார். பிப்ரவரியில் ஒரே மூச்சில் 14 பேரை மேலவைக்கு நியமித்தார். மேலவையை ஒழிப்பது கட்சிக் கொள்கை, அதற்குக் கட்டுப்பட்டவர்கள்தான் உள்ளே போனார்கள். அவர்களுக்குத் 'தற்கொலைப் படை' என்றே பட்டப்பெயர் விழுந்தது. ஒழிப்பதற்கு முன்னால் அவர்கள் நிறைவேற்றிக் கொடுத்த ஒரு சட்டத்தைச் சொல்லியாகவேண்டும். பண்ணை நிலக் குத்தகையை மறுநிர்ணயம் செய்யும்போது பழைய தொகையில் பாதிக்கு மேல் கூட்டக்கூடாது என்று இருந்த பாதுகாப்பை எடுத்துவிட்டார்கள். லண்டன் பணக்காரர்கள் கோபத்தில் குயின்ஸ்லாந்துக்குக் கடன் தர மறுத்தார்கள். பிரதமர் தியோடர் நியூயார்க்கில் போய்க் கடன் வாங்கினார்.

1921 அக்டோபர் 26. ஒழிப்பு மசோதா மேலவையில் ஓட்டுக்கு வந்தது. 28 பேர் ஆதரவு, 10 பேர் எதிர்ப்பு. ஆயுள் முழுக்கத் தமக்கென்று இருந்த நாற்காலியை வேண்டாம் என்று அந்த 28 பேரும் ஓட்டுப் போட்டார்கள். 1922 மார்ச் 23 முதல் அவை இல்லை. இதற்காக அத்தனை பாடுபட்ட ரயன் அதைப் பார்க்கவில்லை. 1921 ஆகஸ்ட் 1-ஆம் தேதியே, இடைத்தேர்தல் பிரசாரத்துக்குப் போன பார்கால்டினில் நிமோனியா கண்டு இறந்துபோனார். வயது 45.

பதவியைப் பிடித்துக்கொண்டு விடாதவர்களையே பார்த்துப் பழகியவர்கள் நாம். விடுவதற்கென்றே வந்து, சொன்னபடி விட்டுப்போனவர்களை நினைத்தால் எனக்கு மரியாதையாக இருக்கிறது. அதே 1922-இல் தூக்குத் தண்டனையையும் இந்த மாநிலம் ஒழித்தது. பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தில் அதுதான் முதல்.

ஆனாலும் முழு மனதோடு கைதட்ட முடியவில்லை. ஒழிக்கவேண்டாம் என்று மக்கள் சொல்லி நான்கரை வருஷத்தில், அவர்களை மறுபடி கேட்காமலே செய்தார்கள். நியமன அவையை எடுத்த இடத்தில் தேர்தல் நடத்தி ஓர் அவையை வைத்திருக்கலாம். வைக்கவில்லை. மற்ற ஐந்து மாநிலங்களிலும் மேலவை இன்றைக்கும் இருக்கிறது, இங்கே மட்டும் இல்லை. 1968 முதல் 1987 வரை பியெல்கி-பீட்டர்சன் ஆட்சி. கிராமத்து ஓட்டுக்கு நகரத்து ஓட்டை விட மதிப்பு கூடும்படி தொகுதிகள். ஊர்வலம் போனால் கைது. போலீஸ் லஞ்சம் எவ்வளவு தூரம் ஊறியிருந்தது என்பது ஃபிட்ஸ்ஜெரால்டு விசாரணையில்தான் வெளியே வந்தது. நிறுத்திக் கேள்வி கேட்க இரண்டாவது அவை இல்லாதது அந்த வருஷங்களில் எவ்வளவு பெரிய குறை! இனி கொண்டுவருவதென்றாலும் வாக்கெடுப்பு நடத்தித்தான் கொண்டுவர முடியும் என்று 1934-இலேயே சட்டம் போட்டுப் பூட்டிவிட்டார்கள்.

அதனால்தான் உன் ஓட்டைப் பற்றி நான் வேறு விதமாக நினைக்கிறேன். செம்ஸ்போர்டு காத்தது பணக்காரர்களுக்குக் கொடுத்த இருக்கை. நீ எண் எழுதி அனுப்பியது உன்னைப் போன்ற வாத்தியார்களின் ஆள். இரண்டுக்கும் மேலவை என்ற ஒரே பேர் இருப்பதால் ஒரே தராசில் நிறுத்தக்கூடாது. 2010-இல் நம்மூரில் திரும்பக் கொண்டுவரப் பார்த்து, 2011-இல் ஆட்சி மாறியதும் கைவிட்டார்களே, அப்போது நீ எந்தப் பக்கம் இருந்தாய் என்று நான் கேட்டதே இல்லை.

கண் தெளிந்ததும் எழுது. அன்றைக்கு 1 என்ற எண்ணை யார் பேருக்கு எதிரே போட்டாய் என்பதையும் சேர்த்து எழுது. இத்தனை வருஷத்தில் அதை மட்டும் நீ சொல்லவே இல்லை.

தங்கச்சியை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
ராமு